குதிரிலிருந்து கோழிப்பண்ணை வரை: திருப்பூர்ச் சீமையின் தானியக் கதை

திருப்பூர் என்றதும் பனியன், சாயப்பட்டறை, ஏற்றுமதி என்று வரிசையாக நினைவுக்கு வரும். டாலர் விலை ஏறினால் ஊருக்கு என்ன ஆகும் என்று பத்திரிகைகள் எழுதும். ஆனால் இத்தனை லட்சம் பேர் தினமும் சாப்பிடுகிறார்களே, அந்தத் தானியம் எங்கே விளைந்தது, யார் கையெல்லாம் மாறி வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டுப் பார்த்தால் விசித்திரமான ஒரு விஷயம் கிடைக்கிறது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. காங்கயம், பல்லடம், தாராபுரம் பக்கம் தென்னைகள் காய்ந்தன, மாட்டுக்குத் தீவனம் இல்லை. ஆனாலும் திருப்பூரில் யாரும் சோற்றுக்காக வரிசையில் நிற்கவில்லை. 2020-இல் அப்படிப்பட்ட வறட்சி எதுவும் இல்லை. முந்தைய பருவமழையும் மோசமில்லை, நாட்டின் கிடங்குகளும் நிறைந்திருந்தன. அந்த வருடம் மார்ச், ஏப்ரலில் இதே ஊரில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் காத்து நின்றார்கள்.

வறட்சியில் பசி இல்லை, மழை பெய்த வருடத்தில் பசி. எப்படி? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும், ஒரு நூற்றைம்பது வருடமாவது.

காடு, தோட்டம், வயல்

கொங்குப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கே வரும்போது பெரும்பாலும் காற்றாகத்தான் வரும். (அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன.) வருடத்துக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை. அதுவும் சொன்ன நேரத்துக்கு வராது.

இங்கே நிலத்தை மூன்று விதமாகச் சொல்வார்கள். மழையை மட்டும் நம்பிய மேட்டு நிலம் 'காடு' (மரம் அடர்ந்த காடு என்று நினைத்துவிட வேண்டாம்). கிணறு வெட்டி இறைத்தால் அது 'தோட்டம்'. ஆற்று வாய்க்காலோ குளத்துப் பாய்ச்சலோ இருந்தால் 'வயல்'. பெரும்பகுதி காடுதான். வயல் என்பது நொய்யல், அமராவதி ஓரங்களில் மட்டும்.

காட்டில் கம்பும் சோளமும் விளைந்தன. கூடவே ஊடுபயிராகத் தட்டை, அவரை, கொள்ளு. கம்புக்கு மூன்று மாதமும் நாலு நல்ல மழையும் போதும். தோட்டத்தில் ராகியும் சித்திரைச் சோளமும். வயலில் மட்டும் நெல். அதனால் நெல்லஞ்சோறு என்பது நோம்பிக்கும் விருந்தாளி வந்தாலும் மட்டுமே. மற்ற நாட்களில் கம்மஞ்சோறு, சோளச்சோறு, ராகிக் களி.

சோளத்தை வெறும் சாப்பாடாக மட்டும் பார்த்தால் பாதி விஷயம் விட்டுப் போகும். கதிர் மனிதனுக்கு, தட்டு மாட்டுக்கு. தட்டைத் தின்ற மாடு கவலை இழுக்கும். கவலை என்பது இரண்டு எருதுகள் சரிவில் இறங்கி, கிணற்றிலிருந்து தோல் பறியில் தண்ணீரை மேலே கொண்டு வரும் ஏற்பாடு. அந்தத் தண்ணீரில் மறுபடியும் சோளம் விளையும். காங்கயம் காளைகளின் புகழுக்குப் பின்னால் இந்தச் சுற்று இருக்கிறது. 1887-இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதிய நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி, இந்த மாவட்டத்துக் கிணறுகளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்.

விளைந்த தானியம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மண் குதிர், மூங்கில் தொம்பை, அதிகமாக விளைந்தால் நிலத்தில் தோண்டிய குழி. நன்கு காய்ந்த சோளத்தைக் குழியில் வைக்கோல் பரப்பிப் போட்டு மூடிவிட்டால் அடுத்த வருடத்துக்கும் வரும். ஒரு வருடம் வானம் கைவிட்டால் போன வருடத்துக் குழி கை கொடுக்கும். இதுதான் அந்தக் காலத்து இன்ஷூரன்ஸ்!

யாருக்கு இன்ஷூரன்ஸ் என்று கேட்க வேண்டும். குழி இருந்தது நிலம் வைத்திருந்தவருக்கு. பண்ணையத்தில் வேலை செய்த மாதாரிகளுக்குக் கூலி வள்ளக் கணக்கில் தானியமாகவே வந்தது. நல்ல வருடத்தில் அது ஒரு பாதுகாப்பு, சந்தையில் விலை ஏறினாலும் கூலி அதே தானியம். மழை பொய்த்தால் காட்டில் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வள்ளமும் இல்லை. பழைய கிராமம் எல்லோரையும் காப்பாற்றியது என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ரயில் வந்தது, பஞ்சமும் வந்தது

சென்னையையும் மேற்குக் கடற்கரையின் பேப்பூரையும் இணைத்த ரயில் பாதை 1862-இல் முழுமை பெற்றது. அது ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாகப் போனது. அப்போது திருப்பூர், பல்லடம் தாலுகாவில் இருந்த ஒரு சிற்றூர். ரயில் வந்துவிட்டால் இனிப் பஞ்சமே வராது, ஓரிடத்தில் இல்லாததை இன்னோரிடத்திலிருந்து கொண்டுவந்துவிடலாம் என்று அதிகாரிகள் நம்பினார்கள். நியாயமான நம்பிக்கைதான்.

பதினான்கு வருடம் கழித்து 1876-இல் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழைகளும் பொய்த்தன. தாது வருஷப் பஞ்சம் என்று தமிழ்நாடு முழுக்க இன்றும் சொல்லப்படுவது இதுதான். கோயம்புத்தூர், சேலம், பல்லாரி, கடப்பை என்று வறண்ட மாவட்டங்கள் எல்லாம் மாட்டிக்கொண்டன.

ரயில் என்ன செய்தது? தானியத்தைக் கொண்டுவரவும் செய்தது, கொண்டுபோகவும் செய்தது. முன்பெல்லாம் ஊருக்கு ஊர் ஒரு விலை இருந்தது. இப்போது பாதை நெடுக ஒரே விலை, அதுவும் பஞ்ச விலை. கையில் இருப்பு வைத்திருந்தவர்கள் விலை இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். வங்காளத்திலிருந்து வந்த மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் குவிந்தன. வாங்கப் பணம் இருந்த இடத்துக்கு அவை போயின. வேலை இழந்த கூலிக்காரனிடம் பணம் ஏது?

அப்போதைய சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு ஆரம்பத்திலேயே 30,000 டன் அரிசியை அரசு செலவில் வாங்க ஏற்பாடு செய்தார். வைஸ்ராய் லிட்டனின் அரசு அதைக் கண்டித்தது. தனியார் வியாபாரத்தில் அரசு தலையிட்டால் வியாபாரிகள் தானியம் கொண்டுவர மாட்டார்கள் என்பது வாதம். பிறகு மேற்பார்வைக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவருக்கான கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் (சுமார் 450 கிராம்), கூடக் கொஞ்சம் சில்லறை என்ற அளவுக்குக் குறைத்தார். கல் உடைக்கும் மனிதனுக்கு இது போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எழுதினார். சில மாதங்களில் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று.

டெம்பிளைத் திட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் இதே மனிதர் 1874-இல் பீகாரில் பர்மா அரிசியை ஏராளமாக இறக்குமதி செய்து, பஞ்சச் சாவு அநேகமாக இல்லாமல் பார்த்துக்கொண்டவர். அதற்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, அரசுப் பணத்தை வீணடித்தார் என்ற கெட்ட பெயர். அடுத்த முறை அவர் கணக்குப் பார்த்தார், அவ்வளவுதான். ஜனங்கள் செத்தார்கள்.

கோயம்புத்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871-இல் 17.63 லட்சம். 1881-இல் 16.58 லட்சம். பத்து வருடத்தில் கூடியிருக்க வேண்டியது ஒரு லட்சத்துக்கு மேல் குறைந்திருந்தது. செத்தவர்களோடு இலங்கைத் தோட்டங்களுக்கும் நீலகிரிக்கும் பிழைக்கப் போனவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம்.

1880-இல் அறிக்கை கொடுத்த பஞ்சக் கமிஷன் ஒன்றைத் தெளிவாகவே சொன்னது. வறட்சியில் முதலில் அடிபடுவது வேலை. வேலை போனவனுக்கு விலை ஏறிய தானியம் எட்டாது. அதனால் சரியான நேரத்தில் வேலையும் கூலியும் கொடுக்க வேண்டும். நூறு வருடம் கழித்து 1981-இல் அமர்த்தியா சென் வறுமையும் பஞ்சமும் பற்றி எழுதிய புத்தகம் இதை இன்னும் விரிவாக, கணக்கோடு நிரூபித்தது. சந்தையில் தானியம் இருப்பது வேறு, அதை வாங்கும் வழி ஒருவருக்கு இருப்பது வேறு.

பருத்தியும் மின்சாரமும்

பஞ்சத்துக்குப் பிறகு இந்த வட்டாரம் மறுபடியும் குழி நிறையக் கம்பு சேர்க்கும் வாழ்க்கைக்கே திரும்பியிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. 1888-இல் கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்தது. நீண்ட இழை, நல்ல விலை, ஆனால் தண்ணீர் வேண்டும். ராகியும் சோளமும் விளைந்த தோட்டங்களில் பருத்தி ஏறியது. திருப்பூர் ரயிலடியில் பஞ்சு அரைக்கும் ஜின்னிங் பேக்டரிகள் முளைத்தன. சென்னை மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-இல் திருப்பூரில் திறக்கப்பட்டது பருத்திக்காகத்தான். பனியனுக்கு முன்பே ஊரைச் சந்தையாக்கியது பஞ்சு.

1932-இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. மின்சாரம் முதலில் மில்லுக்கு, பிறகு கிணற்று மோட்டாருக்கு. மோட்டார் வந்த தோட்டத்தில் கவலைக்கு வேலை இல்லை. கவலை இல்லையென்றால் அத்தனை எருது வேண்டாம், எருது இல்லையென்றால் சோளத்தட்டும் அவ்வளவு வேண்டாம். பழைய சுற்று இப்படித்தான் ஒவ்வொரு கண்ணியாகக் கழன்றது. 1923-இல் கோயம்புத்தூரில் சிறுதானியங்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, ரங்கசாமி அய்யங்கார் போன்றவர்கள் நல்ல நல்ல ரகங்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் இது நடந்தது என்பது வேடிக்கை.

பருத்தி விற்ற காசில் விவசாயி அரிசி வாங்கினார். மில் தொழிலாளியும் அரிசி வாங்கினார். அந்த நாளில் சென்னை மாகாணத்தின் அரிசிப் பற்றாக்குறையை ஈடுகட்டியது பர்மா. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்தக் கப்பல்கள் நின்றன. அடுத்த வருடமே மாகாணத்தின் நகரங்களில் ரேஷன் தொடங்கியது. எங்கோ ரங்கூனில் நடந்த சண்டை கோயம்புத்தூர் மில் தொழிலாளியின் தட்டில் தெரிந்தது! 1952-இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1967-இல் அண்ணாவின் ஆட்சி ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த இரண்டு நகரங்கள் சென்னையும் கோயம்புத்தூரும். தொழிலாளிகள் அரிசியை விலைக்கு வாங்கித் தின்ற ஊர்கள் அவை.

அணைகள் வந்தது 1950களில். கீழ்பவானி 1955-இல் முடிந்தது. அதன் பாசனம் 2.07 லட்சம் ஏக்கர். ஒரு பாதிக்கு நெல்லுக்குத் தண்ணீர், மறு பாதிக்குக் கடலை, சிறுதானியம் போன்ற புன்செய்ப் பயிருக்குத் தண்ணீர், அடுத்த வருடம் முறை மாறும். 1957-இல் அமராவதி அணை. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால் உடுமலை, பல்லடம், காங்கயம் வரை நீண்டது. வாய்க்கால் போன இடமெல்லாம் ஆயக்கட்டில் சேர்க்கச் சொல்லிக் கோரிக்கை வர, 1990களில் அது 3.77 லட்சம் ஏக்கராக விரிந்து நான்கு மண்டலங்களானது. ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருடத்தில் ஒரு முறைதான் தண்ணீர். இடையில் கிணறுதான் கதி, கிணற்றுக்கு மின்சாரம்தான் கதி. 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மீது திருப்பூருக்குப் பக்கத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் இறந்தார்கள். யூனிட்டுக்குப் பைசாக் கணக்கு என்று வெளியில் இருப்பவருக்குத் தோன்றும். தண்ணீர் வாய்க்காலில் வராத வருடத்தில் அந்தப் பைசாதான் விளைச்சல்.

தண்ணீரை விற்ற தோட்டம்

1970களிலும் 80களிலும் பனியன் கம்பெனிகள் பெருகின. முதலாளிகளில் பலர் சுற்று வட்டாரத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். முதலில் தறியிலோ பனியன் கம்பெனியிலோ வேலைக்குப் போய், பிறகு சொந்தமாக நாலு மெஷின் போட்டவர்கள். காடு அவர்களுக்கு முதலீடாகவும் அடமானமாகவும் ஆயிற்று.

துணிக்குச் சாயம் ஏற்றத் தண்ணீர் வேண்டும். நகரத்தில் போதவில்லை. சுற்றுக் கிராமங்களின் கிணற்றுத் தண்ணீர் லாரியில் ஏறியது. ஒரு லாரித் தண்ணீரைப் பாய்ச்சி எடுக்கும் சோளத்தின் விலை என்ன, அதையே சாயப்பட்டறைக்கு விற்றால் வரும் காசு என்ன? கணக்குப் போடத் தெரிந்த எந்த விவசாயியும் விற்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. போன தண்ணீர் சாயமும் உப்புமாக நொய்யலில் திரும்பி வந்தது. பாசனத்துக்கென்று கட்டி 1990களின் தொடக்கத்தில் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தொட்டியானது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற உத்தரவை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது.

அந்த வழக்கில் ஜெயித்த விவசாயி பழையபடி கம்பு விதைத்தாரா என்றால், உப்பேறிய மண்ணில் எது வரும்? வேறு இடங்களிலும் கம்பங்காடுகள் தென்னையாகவும் மேய்ச்சல் கொறங்காடாகவும் மாறின. இல்லாவிட்டால் மக்காச்சோளம்.

மக்காச்சோளம் யாருக்கு?

இப்போது பல்லடம், உடுமலைப் பக்கம் 'சோளம்' என்று காட்டினால் பெரும்பாலும் மக்காச்சோளம்தான். அதை விதைத்தவர் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. கறிக்கோழி சாப்பிடுகிறது. 1980களில் உடுமலையில் சிறிய அளவில் தொடங்கிய சுகுணா போன்ற நிறுவனங்கள், 1990களில் ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தன. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தரும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. மழை பொய்த்த நிலத்திலும் வருமானம் என்பதால் கொட்டகைகள் வேகமாகப் பரவின. தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். உள்ளூர் விளைச்சல் பற்றாமல் கர்நாடகம், ஆந்திரா, பீகாரிலிருந்து லாரியிலும் ரயிலிலும் வருகிறது.

2018-இல் அமெரிக்கப் படைப்புழு கர்நாடகத்தில் முதலில் தெரிந்து சில மாதங்களில் தமிழக மக்காச்சோளக் காடுகளுக்குள் புகுந்தபோது, அது விவசாயியின் கவலையாக மட்டும் நிற்கவில்லை. தீவன விலை, கறி விலை, வளர்ப்புக் கூலி எல்லாம் ஆட்டம் கண்டன.

மனிதர்களுக்கான அரிசியோ காவிரி டெல்டாவிலிருந்தும் கர்நாடகம், ஆந்திராவிலிருந்தும் வருகிறது. நெல் அதிகம் விளையாத காங்கயம் வட்டாரத்தில் இத்தனை அரிசி ஆலைகள் ஏன் என்று புதிதாக வருபவர்கள் ஆச்சரியப்படுவார்கள். காய்ந்த வெயில், வியாபாரக் குடும்பங்கள், ஈரோடு-திருப்பூர் என்ற பக்கத்துச் சந்தை இவையெல்லாம் சேர்ந்தால் நெல்லைத் தேடிப்போய் வாங்கி அரைத்து விற்க முடியும். இன்னொரு பக்கம் ரேஷன் கடை. 2011 ஜூனிலிருந்து தமிழகத்தில் ரேஷன் அரிசி இலவசம்.

ஆக, 2016-இல் வறட்சி வந்தபோது கம்பங்காடு காய்ந்ததால் சோறு நிற்கவில்லை. சோறு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தது. பனியன் கம்பெனிகள் ஓடின, வாராவாரம் சம்பளம் வந்தது, கார்டு வைத்திருந்தவர்களுக்கு ரேஷன் கிடைத்தது. அடிபட்டது மாடும் தென்னையும், அவற்றை நம்பிய விவசாயியும். 1876-ஐ நினைத்தால் இது சின்ன சாதனை இல்லை.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது வெட்டுப்பட்டது சம்பளம். அப்போது இந்திய உணவுக் கழகத்தின் இருப்பு அரிசியும் கோதுமையும் சேர்த்து 5 கோடி டன்னுக்கு மேல். உள்ளூர்க் குடும்பங்களுக்குக் கார்டு இருந்தது, அரசு அரிசியோடு 1,000 ரூபாயும் கொடுத்தது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர்களின் கார்டு அவர்கள் ஊரில் இருந்தது. அவர்கள் அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் வாரச் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள். தன்னார்வலர்களும் கம்பெனிகளும் மாவட்ட நிர்வாகமும் சமைத்துக் கொடுத்தது எல்லோருக்கும் எட்டவில்லை. கார்டு இல்லாத வெளிமாநிலத் தொழிலாளருக்கு இரண்டு மாதத்துக்கு இலவசத் தானியம் என்று மத்திய அரசு அறிவித்தது மே நடுவில். அதற்குள் பலர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள், சிலர் நடந்தே.

அதே வருடம் அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழகம் சேர்ந்தது. இப்போது ஒடிசாவில் பதிந்த கார்டுக்குத் திருப்பூர்க் கடையிலும் தானியம் வாங்கலாம். ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு கார்டு, அதில் ஆளுக்கு மாதம் 5 கிலோ. மனைவியும் பிள்ளைகளும் ஊரில் இருந்தால் அந்தத் தானியத்தை அங்கேயே முழுதாக வாங்கிவிடத்தான் பார்ப்பார்கள். இங்கே தனியாக இருப்பவர் வீரபாண்டியிலோ அவிநாசி ரோட்டிலோ உள்ள மளிகைக் கடையில் மாவு வாங்குகிறார், சனிக்கிழமை சம்பளத்தில்.